ஈப்போவை விழுங்கிய டேக்

(பழைய தமிழ் இணையப் பக்கங்களை நிரல் எழுதிச் செப்பனிடுவது குறித்து, பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



குலாம் காதிறு நாவலர் இந்தத் தீவில் இருந்து 'வித்தியா விசாரிணி'யை நடத்தியது 19ஆம் நூற்றாண்டில். அந்தக் காலத்தில் அச்சான ஒரு தாள் இன்று யார் கையிலாவது கிடைத்தால், தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அதைப் படித்துவிடலாம். தாள் பழுப்பேறியிருக்கும், ஓரம் செல்லரித்திருக்கும், ஆனால் எழுத்து எழுத்தாகவே இருக்கும். 1999இல் யாரோ ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து தட்டி இணையத்தில் ஏற்றிய தமிழ்ப் பக்கத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இன்றைய கணினியில் அதைத் திறந்தால் பின்னக் குறிகளும், தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகளும், செண்ட் குறிகளும் வரிவரியாக ஓடுகின்றன. பைட்டுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. படிக்கத்தான் முடியவில்லை.

இந்தப் பக்கங்களை மீட்கும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பகல் முழுக்கப் பைத்தான் எழுதும் இளைஞர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இந்த வேலை உருப்படியாக நடக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைச் சில உதாரணங்களோடு காட்டுகிறேன்.

முதலில் வரலாற்றைக் கொஞ்சம் நினைவூட்டிக்கொள்வோம். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு செயலியை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக எல்லார்க்கும் தருவதே அதன் நோக்கம். இன்றும் நடந்துவருகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் என்ற குறியேற்றம் இருப்பது இவர்களுக்கெல்லாம் தெரியும். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகள் அதைக் காட்டத் தயாராக இல்லை. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. அதுவரை காத்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் ரோமன் எழுத்துகளும் குறிகளும் இருந்த இடங்களில் தமிழ் எழுத்துகளை வரைந்து எழுத்துருக்களைச் செய்தார்கள். மின்னஞ்சலிலேயே பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து டிஸ்கி என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டைப் பரிந்துரைத்தது. ஈழத்தமிழரிடையே பாமினி என்ற எழுத்துரு பரவியது. நாளிதழ்கள் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டன.

டிஸ்கியில் 'தமிழ்' என்ற சொல் நான்கு பைட். தமிழ் எழுத்துரு இல்லாத திரையில் முதல் பைட் முக்கால் என்னும் பின்னக் குறியாகத் தெரியும். அடுத்தது கோடு போட்ட பெரிய ஏ. மூன்றாவது அமெரிக்க செண்ட் குறி. நான்காவது கோடு போட்ட சின்ன யூ. பழைய பக்கம் ஒன்றில் இந்த நான்கும் அடுத்தடுத்து வந்தால் அது டிஸ்கி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பாமினியில் இதே சொல் ஐந்து பைட்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கடைசியில் வரும் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி.

இப்போது டேக்குகளுக்கு, அதாவது பக்கத்தின் அமைப்பை உலாவிக்குச் சொல்லும் எச்.டி.எம்.எல். குறிகளுக்கு, வருவோம். அந்தக் காலப் பக்கங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டவர்கள். திறந்த டேக்கை மூடாமல் விட்டிருப்பார்கள். பட்டியலுக்குள் அட்டவணை, அட்டவணைக்குள் மறுபடி பட்டியல் என்று இருக்கும். ஒவ்வொரு பத்திக்கும் எழுத்துருவின் பெயரைச் சொல்லும் ஃபான்ட் டேக் இருக்கும். உலாவிகள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டன. தவறான பக்கத்தை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்பதையே எச்.டி.எம்.எல். 5 பின்னாளில் விதியாக எழுதிவைத்தது. இப்படிப்பட்ட பக்கங்களைத் துடைத்து ஒழுங்குபடுத்த நல்ல கருவிகள் உண்டு. டேவ் ராகெட் எழுதிய டைடி உண்டு. லெனார்ட் ரிச்சர்ட்சன் 2004இல் பைத்தானுக்காக வெளியிட்ட பியூட்டிஃபுல் சூப் உண்டு. இரண்டும் அருமையான கருவிகள், நானும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் பழைய தமிழ்ப் பக்கத்தை எடுத்தவுடன் இவற்றிடம் கொடுத்துவிடக் கூடாது. காரணத்தைப் பக்கத்திலேயே போய்ப் பார்ப்போம்.

பாமினியில் 'ஈ' என்ற எழுத்து எங்கே இருக்கிறது தெரியுமா? கணக்கில் 'இதைவிடச் சிறியது' என்று காட்டும் இடப்பக்கக் கோணக்குறியின் இடத்தில். காற்புள்ளி எங்கே? 'இதைவிடப் பெரியது' என்று காட்டும் வலப்பக்கக் கோணக்குறியின் இடத்தில். எச்.டி.எம்.எல். எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அந்த இரண்டு கோணக்குறிகளும்தான் ஒரு டேக்கைத் திறப்பவையும் அடைப்பவையும்.

நோட்பேடில் கையால் தட்டிய பாமினிப் பக்கத்தில் 'பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர்' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஈ' இடக் கோணக்குறி. அதை ஒட்டி 'ப்' வருகிறது. அது பாமினியில் ஆங்கில ஜி எழுத்தும் அரைப்புள்ளியும். கோணக்குறிக்குப் பின்னால் இடைவெளியில்லாமல் ஆங்கில எழுத்து வந்தால் உலாவி அதை டேக்கின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அடைக்கும் கோணக்குறி வரும்வரை எல்லாவற்றையும் டேக்கின் பெயராக வாசித்துக்கொண்டு போகும். ஈப்போவுக்கு அடுத்து வரும் காற்புள்ளிதான் அந்த அடைக்கும் குறி. ஆகவே 'ஈப்போ' முழுவதும், காற்புள்ளியோடு சேர்த்து, உலாவிக்குத் தெரியாத ஒரு டேக் ஆகிவிட்டது. தெரியாத டேக்கை உலாவி திரையில் காட்டாது. பினாங்கும் கோலாலம்பூரும் பக்கத்தில் தெரியும், நடுவில் ஈப்போ காணாமல் போயிருக்கும். கோப்புக்குள் பைட்டுகள் அப்படியே இருக்கும்.

இதைக் கருவியிடம் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். எச்.டி.எம்.எல். விதிப்படி டேக் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. அதனால் பக்கத்தை வாசிக்கும் கருவிகள் பெயரை முழுக்கச் சின்ன எழுத்தாக மாற்றிவிடும். பாமினியில் பெரிய என் 'ே', சின்ன என் 'ெ'. நீங்கள் பிறகு விழித்துக்கொண்டு அந்த டேக்கின் பெயரை எடுத்து யூனிகோடுக்கு மாற்றினால் 'ஈப்போ' கிடைக்காது, 'ஈப்பொ' கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'ஈழநாடு' நாளிதழின் பெயரும் இப்படித்தான். பாமினியில் பெரிய எல் 'டு', சின்ன எல் 'ட'. கருவி துடைத்த பிறகு நாடு 'நாட' ஆகிவிடும். மூலத்தை மேலெழுதியிருந்தால் அங்கே எந்த உயிர்க்குறி இருந்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

இன்னும் ஒன்று. 'ஈர மண்' என்று ஒரு தொடர். பாமினியில் 'ர' என்பது சின்ன யூ. கோணக்குறி, யூ, இடைவெளி என்று வந்தால் அது அடிக்கோடு போடும் டேக். அது எச்.டி.எம்.எல்.லில் உண்மையாகவே உள்ள டேக். அதனால் 'ஈர மண்' தொடங்கி அடுத்த காற்புள்ளிவரை உள்ள வாசகம் மறைந்துவிடும். அதற்குப் பிறகு பக்கம் முழுக்க அடிக்கோடு ஓடும். பக்கத்தை எழுதியவர் ஏன் இப்படி அடிக்கோடு போட்டார் என்று நாம் யோசித்துக்கொண்டிருப்போம். அவர் போடவே இல்லை.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, எந்தக் கருவிக்கும் கொடுப்பதற்கு முன்பு கோப்பைப் பைட் பைட்டாக வாசிப்பது. எச்.டி.எம்.எல். 4.01இல் இருப்பவை மொத்தம் 91 டேக்குகள். திறக்கும் கோணக்குறியை அடுத்து இந்த 91இல் ஒன்று முழுமையாக வருகிறதா, அதன் உள்ளே இருப்பவை அந்த டேக்குக்கு உரிய பண்புகள்தானா என்று ஒரு சின்னப் பைத்தான் நிரல் பார்க்கட்டும். இல்லையென்றால் அது பெரும்பாலும் டேக் இல்லை, 'ஈ'. அதைப் பத்திரமான வேறொரு குறியாக மாற்றி வைத்துவிட்டு மேலே போகலாம். இருபது முப்பது வரி நிரல்தான். ஆனால் பாமினியில் 'ஈ' எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர்தான் அதை எழுத முடியும்.

அடுத்தது ஃபான்ட் டேக். 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0 இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அழகு சார்ந்ததெல்லாம் ஸ்டைல் ஷீட்டுக்குப் போக வேண்டும் என்பது நியாயமான விதி. அதனால் பக்கத்தைத் துடைக்கும் எவரும் முதலில் இதில்தான் கை வைப்பார்கள். நம் பக்கங்களில் இதில் கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும்.

பினாங்கு, பேராக், சிலாங்கூர் பற்றிய தமிழ்ப் பக்கம் தமிழோடு மட்டும் நிற்காது. நடுவில் தெருப்பெயராக ஜாலான் ஒன்று வரும், லெபோ ஒன்று வரும், மலாய்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில் வரும். டிஸ்கியில் இது தொல்லை தராது. அது ரோமன் எழுத்துகளின் 128 இடங்களைத் தொடாமல் மேல் பாதியில் மட்டும் தமிழை வைத்தது. அந்த ஒரு முடிவுக்காகவே அதை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாமினி வகை எழுத்துருக்களில் தமிழும் மலாயும் ஒரே இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. 'லெபோ பாசார்' என்று ரோமனில் எழுதியதற்கும் ஒரு தமிழ்ச் சொல்லுக்கும் பைட் அளவில் எந்த வேறுபாடும் கிடையாது. இந்த வரி தமிழ், இந்தச் சொல் மலாய் என்று சொல்லும் ஒரே சாட்சி அந்த ஃபான்ட் டேக். அதை நீக்கிவிட்டு மாற்றினால் தெருப்பெயர்களெல்லாம் உளறல் தமிழாகிவிடும். அல்லது தமிழெல்லாம் உளறல் மலாயாக நின்றுவிடும்.

அதனால் வரிசை முக்கியம். எழுத்துருப் பெயரைப் பார்த்துக் குறியேற்றத்தை முடிவு செய்ய வேண்டும். அந்த டேக்குக்குள் இருப்பதை மட்டும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றி முடித்த பிறகுதான் டேக்கை நீக்க வேண்டும். ஒழுங்கில்லாத பக்கத்தில் ஃபான்ட் டேக் மூடாமல் கிடக்கும், அதன் எல்லை எங்கே என்று தெரியாது. அந்த இடத்தில்தான் உலாவியைப் போலவே தவறைப் பொறுத்துக்கொண்டு எல்லையை ஊகிக்கும் பியூட்டிஃபுல் சூப் போன்ற கருவி கைகொடுக்கும். 'ஈ'யைப் பாதுகாத்து வைத்துவிட்டோம் என்பதால் இப்போது தைரியமாக அதனிடம் கொடுக்கலாம்.

டிஸ்கிக்கு வேறு சிக்கல்கள். அதில் எழுத்துகள் கண்ணால் பார்க்கும் வரிசையில் சேமிக்கப்பட்டன. 'கோயில்' என்ற சொல்லின் முதல் எழுத்து மூன்று துண்டு: முதலில் 'ே', பிறகு 'க', பிறகு 'ா'. யூனிகோடில் 'க' முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். மாற்றும்போது வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். அது எளிது. ஆனால் பக்கத்தை எழுதியவர் தலைப்பின் முதல் எழுத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும்போது சுட்டியைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தியிருந்தால் முதலிரண்டு துண்டு மட்டும் டேக்குக்குள் இருக்கும், 'ா' வெளியே நிற்கும். டேக்கைப் பொருட்படுத்தாத நிரல் 'கே'யைச் சிவப்பில் தந்து, அதன் பின்னால் புள்ளிவட்டத்தோடு ஒரு காலை நிறுத்தும். நிரல் டேக்குக்கு வெளியேயும் எட்டிப் பார்த்து, அந்தக் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

'இ' என்ற எழுத்துக்கு டிஸ்கியில் இரண்டு இடம் உண்டு: 173, 254. உலகப் பொது வழக்கில் 173 என்பது மென்கோட்டின் இடம். வரி முறிந்தால் மட்டும் தெரியும் கோடு அது, மற்ற நேரம் தெரியாது. அந்த இடத்தில் வைத்த 'இ' சில கணினிகளில் மறைந்துபோகும். 'இந்த' என்பது 'ந்த' ஆகிவிடும். மாற்றும் நிரல் இரண்டு இடத்தையும் 'இ' என்றே வாசிக்க வேண்டும். பல பொது நிரல்கள் மென்கோட்டைக் குப்பை என்று முதலிலேயே கழித்துவிடுகின்றன.

பழைய பக்கங்களைப் படித்தவர்களுக்கு, உலாவியின் மெனுவில் போய்ப் பயனர் வரையறுத்த குறியேற்றத்தைத் தேர்ந்தெடுத்தது நினைவிருக்கும். அப்படி அறிவித்த பக்கத்தை இன்றைய உலாவி திறக்கும்போது மேல்பாதி பைட்டுகளை யூனிகோடின் தனிப்பயன் பகுதிக்குத் தூக்கிப்போகிறது. அங்கிருந்து நகலெடுத்து ஒட்டினால் வெறும் கட்டங்கள்தான் வரும். பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரே அளவு தள்ளிப் போயிருக்கிறது. அந்த அளவைக் கழித்தால் பழைய பைட் திரும்பிவிடும். பைத்தானில் ஒரு வரி. பதினாறாம் அடிமானத்தில் எஃப்700ஐக் கழிக்க வேண்டும், அவ்வளவே.

வேர்டில் எழுதி எச்.டி.எம்.எல். ஆகச் சேமித்த பக்கங்கள் தனி ரகம். ஒவ்வொரு சில சொல்லுக்கும் ஸ்பான் டேக், லதா எழுத்துரு, தமிழ் என்று ஒரு மொழிக்குறி. இவை யூனிகோடிலேயே இருப்பதால் பொருள் கெடாது, தாராளமாகக் கழிக்கலாம். சிலர் எழுத்தெல்லாம் எண்களாகவே வரும்படி சேமித்திருப்பார்கள். 'த' என்பது 2980 என்ற எண்ணாக, முன்னும் பின்னும் குறிகளோடு ஏழு பைட்டில் இருக்கும். உலாவியில் சரியாகத் தெரியும், கோப்புக்குள் 'தமிழ்' என்று தேடினால் கிடைக்காது. இதைச் சரிசெய்யப் பைத்தானில் ஆயத்தமாகவே ஒரு வசதி உண்டு. 'ொ' ஒரே குறியாக இருக்கிறதா, இரண்டு துண்டாக இருக்கிறதா என்பதையும் அப்படியே ஒருசீராக்கலாம்.

செய்யுள் உள்ள பக்கங்களில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் தனிச்சொல்லுக்கு முன்னால் ஒரு கோடும் இடைவெளியும் விட்டு அச்சிடுவது நம் மரபு. இணையத்தில் அதைக் காட்ட அந்தக் காலத்தவர் நான்கைந்து வெற்றிடக் குறிகளை வரிசையாகப் போட்டார்கள். பக்கத்தைச் சுத்தம் செய்ய உட்காருபவர் முதலில் எழுதும் ரெஜெக்ஸ் (தேடி மாற்றும் கோவை), தொடர்ந்து வரும் இடைவெளிகளை ஒன்றாக்குவது. தமிழ் யாப்புத் தெரியாதவருக்கு அது வெறும் இடைவெளி. அந்த ஒரு வரி நிரல் ஒரு தொகுப்பு முழுவதிலும் தனிச்சொற்களை அடிக்குள் கரைத்துவிடும். கோப்பில் ஓர் எழுத்துகூடக் குறைந்திருக்காது என்பதால் யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள்.

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது அவர் முன் இருந்த ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடும் கிடையாது. ஒவ்வோரிடத்திலும் பல ஏடுகளை ஒப்பிட்டு இன்னதுதான் என்று முடிவெடுத்தார். வேறு பாடங்கள் இருந்தால் குறித்து வைத்தார். இந்தப் பக்கங்களுக்கும் அந்த ஒழுக்கம்தான் தேவை. மூலக் கோப்பை ஒருபோதும் மேலெழுதாதீர்கள். ஒரு பிழையைக்கூடக் கையால் திருத்தாதீர்கள், நிரலில் ஒரு விதியாக எழுதுங்கள். கையால் திருத்தியதை நாளை வேறொருவர் சரிபார்க்க முடியாது. விதி தவறு என்று தெரிந்தால் அந்த விதியை மாற்றி, மூலத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டலாம். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் அதோடு போயின. காப்பகங்களில் தப்பியது மட்டும்தான் மிச்சம். அப்படித் தப்பிய ஒரே பிரதியைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை.

சரியாகத்தான் மாற்றினோம் என்று எப்படித் தெரியும்? யூனிகோடுக்கு மாற்றிய வாசகத்தை இன்னொரு நிரலால் மறுபடி பழைய குறியேற்றத்துக்குத் திருப்புங்கள். மூலத்தின் வாசகத்தோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். பொருந்தினால் எதுவும் தொலையவில்லை. பொருந்தாத இடங்களை மட்டும் பட்டியலாக எடுத்து மனிதர் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் சோதனை நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை.

ஆனால் இந்தச் சோதனையிலும் தேறிவிடும் பிழை ஒன்று உண்டு. ஆசிரியர்களை நான் இங்கே அழைத்ததற்கு அதுதான் முதல் காரணம். பாமினியில் 'ள' என்ற எழுத்தும் 'கௌ'வின் கடைசியில் வரும் குறியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 'ெ', 'க', 'ள' என்று மூன்று வந்தால் அது 'கௌ'வா, 'கெள'வா? அந்த 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் சந்தேகமில்லை. 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் அப்படித் தப்பித்துவிடும். ஒன்றும் இல்லாமல் வெறும் 'ள' நின்றால் நிரல் அதை 'ௌ' என்றே எடுத்துக்கொள்ளட்டும் என்று விதி எழுதலாம். கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாம் சரியாக வந்துவிடும். கட்டுரை, சமய நூல், செய்தி ஆகியவற்றுக்கு இந்த விதி போதும்.

கதைக்குப் போதாது. தோட்டப்புறத்துப் பேச்சை அப்படியே எழுதிய ஒரு சிறுகதையில் 'கெளம்பு' என்று வரும், 'வெளக்கு' என்று வரும், 'வெளையாட்டு' என்று வரும். இதில் 'வெளையாட்டு' தப்பிவிடும், 'ை' காப்பாற்றிவிடும். 'கெளம்பு' என்பது 'கௌம்பு' ஆகும், 'வெளக்கு' என்பது 'வௌக்கு' ஆகும். திருப்பி மாற்றிப் பார்த்தாலும் பைட் பொருந்தும். இப்படிப்பட்ட பேச்சுச் சொற்களின் பட்டியல் ஒன்று நிரலுக்கு வேண்டும். அகராதியில் அது கிடைக்காது, பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள்தான் தர முடியும். தண்ணீர்மலையில் ஒரு மாதிரியும், பட்டர்வொர்த்தில் ஒரு மாதிரியும், கெடா தோட்டங்களில் வேறு மாதிரியும் பேசியிருப்பார்கள். அந்தச் சொற்களை நீங்கள் எழுதிக் கொடுங்கள். ஒரு வரிக்கு ஒரு சொல் என்று சாதாரணக் கோப்பாக இருந்தால் போதும், நிரல் அதை அப்படியே வாசித்துக்கொள்ளும்.